காசில்லாதவருக்கு ஒரு நகரம் என்ன தருகிறது?

(சற்றே நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் படிக்க.)

‘ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் சிங்கப்பூர்’ என்ற பாணியில் அமைந்த காணொளிகள் அண்மைக் காலமாகப் பெருகிவிட்டன. அவற்றைத் தொடர்ந்து பார்ப்பவர், செலவின்றி ஊர் சுற்றுவது பயணியின் சாமர்த்தியத்தைப் பொறுத்தது என்றே எண்ணுவார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு பெருநகரைக் காசின்றிச் சுற்றிவர முடிகிறதென்றால், அது பயணியைவிட அந்நகரைப் பற்றியே மிகுதியாகச் சொல்கிறது. நிழலான நடைபாதை, அமர ஓர் இருக்கை, குடிக்கத் தண்ணீர், தூய கழிப்பறை, நுழைவுச்சீட்டு கேட்காத நூலகம் ஆகியவை தாமாக முளைப்பதில்லை. யாரோ ஒரு காலத்தில் எடுத்த முடிவும், யாரோ செலுத்திய வரியும், யாரோ கொடுத்த உழைப்பும் அவற்றுக்குப் பின்னே உள்ளன. ஆகவே ‘காசில்லாமல் எதையெல்லாம் பார்க்கலாம்?’ என்ற பட்டியலோடு நின்றுவிடாமல், ‘எதையும் வாங்காத மனிதருக்கு இந்நகரம் என்ன தருகிறது? யாருக்குத் தர மறுக்கிறது?’ என்றும் கேட்கவேண்டும். இப்பதிவின் கருத்து அவ்வளவே.

கடந்த ஆண்டு ஒரு கருத்தரங்குக்காகச் சிங்கப்பூர் சென்றிருந்தேன். பயணச்சீட்டையும் கருத்தரங்கு நாள்களின் தங்கும் செலவையும் ஏற்பாட்டாளர்களே ஏற்றுக்கொண்டனர். அதன் பின்னர் நான்கு நாள்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் தங்கி, பெரும்பாலும் நடந்தே ஊரைப் பார்த்தேன். தில்லியில் ஆய்வு மாணவியாக வாழும் எனக்குக் கிடைக்கும் உதவித்தொகை, அந்த ஊரின் நடுத்தர விடுதியொன்றில் ஒரு வாரம் தங்கவும் போதாது. எனவே செலவின்மை என் கொள்கையன்று, என் நிலைமை. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விருப்பத்தால் செலவைத் தவிர்ப்பவரும் வழியின்றித் தவிர்ப்பவரும் ஒரே நகரைப் பார்ப்பதில்லை. முன்னவர் களைத்தால் குளிரூட்டிய தேநீரகத்துக்குள் நுழைந்துவிடலாம். பின்னவர் தெருவோரத்தில் இருக்கை இருக்கிறதா என்று தேடுகிறார்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். ஆங்கிலத்தின் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் சேர்த்துக் குறிக்கிறது. தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. ‘இலவசம்’ என்று சொல்லும்போது கொடுப்பவர் கை மேலும் பெறுபவர் கை கீழும் இருப்பதான ஒரு தோற்றம் எழுகிறது. தமிழ்நாட்டு அரசுத் திட்டங்களில் அச்சொல்லின் இடத்தை ‘விலையில்லா’ பிடித்துக்கொண்டதும் இத்தாழ்வுணர்வைத் தவிர்க்கவே என்று கொள்ளலாம். ‘கட்டணமில்லா’ என்பது அலுவலகச் சொல். இவை எல்லாவற்றிலும் ஆழமானது ‘பொது’. ஊர்ப் பொதுக்கிணறு இலவசமாகத் தண்ணீர் தருகிறது என்று எவரும் சொல்வதில்லை. அது எல்லார்க்கும் உரியது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆயினும் அந்த ‘எல்லார்’ என்பதற்குள் யார் யார் அடங்குவர் என்ற வினாவை நம் வரலாறு அதே கிணற்றடியில்தான் கேட்டது. பெயரளவில் பொதுவாயிருந்த கிணற்றில் நீரெடுக்க ஒரு பகுதி மக்கள் போராடவேண்டியிருந்தது. சிங்கப்பூரில் நடந்த நான்கு நாள்களும் ‘இலவசம்’, ‘பொது’ என்னும் இவ்விரு சொற்களுக்கு இடையிலுள்ள தொலைவையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

அங்கே மொழி மாணவருக்குக் கிடைக்கும் முதல் விருந்து பெயர்ப்பலகைகள். மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் ஆட்சிமொழிகள் என்பதால் ரயில் நிலையங்களில் நம் எழுத்தைக் காணலாம். தோபிகாட் என்ற நிலையத்தின் பெயர், ஒரு காலத்தில் அங்கிருந்த ஓடையில் துணி வெளுத்த இந்தியச் சலவைத் தொழிலாளரை இன்றும் நினைவூட்டுகிறது. சௌத் பிரிட்ஜ் சாலையில் நாராயண பிள்ளை 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயில் நிற்கிறது. அதன் கோபுரத்தைக் கண்டே பக்கத்துத் தெருவுக்குப் பகோடா தெரு என்று பெயர் வந்தது. சற்றுத் தள்ளி, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1826இல் நிறுவிய ஜாமியா பள்ளிவாசல் உள்ளது. அதனையடுத்த தெருவின் பெயர் மாஸ்க் தெரு. இந்து ஆலயமும் தமிழ் முஸ்லிம்களின் பள்ளியும் சீனர் குடியிருப்பின் நடுவே தெருக்களுக்குப் பெயர் சூட்டி நிற்கின்றன. இதைப் படித்தறிய ஒரு காசும் தேவையில்லை. கால்வலியைப் பொறுத்துக்கொண்டால் போதும்.

அங்கிருந்து சிறிது தொலைவில் தெலுக் ஆயர் தெரு. மலாயில் ‘தெலுக்’ என்றால் விரிகுடா, ‘ஆயர்’ என்றால் நீர். இன்று வானுயர் கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் இத்தெரு, கடல் தூர்க்கப்படுவதற்கு முன் கரையோரமாக இருந்தது. கடலைக் கடந்து வந்தவர்கள் கரையேறியதும் நன்றி சொன்ன இடங்கள் இன்றும் வரிசையாக உள்ளன. 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்த நாகூர் தர்காவும், 1842இல் கட்டி முடிக்கப்பட்ட தியான் ஹோக் கெங் என்ற சீனக் கோயிலும், அல்-அப்ரார் பள்ளிவாசலும் ஒரே தெருவில் உள்ளன. மூன்றாவதற்குப் பழைய பெயர் குச்சுப்பள்ளி. குடிசையாக இருந்த காலத்தில் தமிழர் வைத்த பெயர் அது. நாகப்பட்டினக் கடற்கரையின் நம்பிக்கையொன்று அங்கே வெள்ளைச் சுவராக நிற்பதைக் காண நுழைவுக் கட்டணம் கிடையாது.

இத்தகைய பழைய தெருக்களில் வெயிலும் மழையும் படாமல் நடக்க உதவுபவை கடைவீடுகளின் முன்னே தொடர்ச்சியாக அமைந்த கூரையிட்ட நடைவெளிகள். 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம், ஒவ்வொரு கடைவீடும் முகப்பில் இவ்வாறு இடம் விடவேண்டும் என்று விதித்தது. அகலம் ஐந்தடி என்பதால் மலாயில் ‘காக்கி லீமா’ என்று பெயர். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் அதையே ‘அஞ்சடி’ என்றனர். எவ்வளவு அழகான சொல்! நிலம் தனியாருடையது, நடக்கும் உரிமை எல்லாருடையது. நம் ஊர்த் திண்ணையோடு இதை ஒப்பிடத் தோன்றும். ஆனால் திண்ணை வீட்டுக்காரரின் விருந்தோம்பலைச் சார்ந்தது. யார் அமரலாம், யார் அமரக்கூடாது என்பதைச் சாதி தீர்மானித்தது. அஞ்சடியோ சட்டத்தைச் சார்ந்தது.

அதற்காக அஞ்சடியில் சண்டையே இல்லை என்று நினைத்துவிடக்கூடாது. நடப்பதற்கென்று விட்ட இடத்தில் சிறுகடைக்காரர்கள் பொருள்களைப் பரப்பினர். நகராட்சி அவற்றை அகற்ற முனைந்தபோது 1888இல் பெருங்கலகம் மூண்டது. வராந்தாக் கலகம் என்று வரலாறு அதைக் குறிக்கிறது. நடப்பவருக்கும் விற்பவருக்கும் இடையில் ‘பொது’ என்பதன் பொருள் என்ன என்பதே அன்றைய வழக்கு. இன்று நம் நகரங்களில் நடைபாதை வியாபாரிகளைச் சுற்றி எழும் வழக்கும் அதுவே.

காசின்றிப் பார்க்கத்தக்க இடங்களில் தலையாயது தாவரவியல் தோட்டம். 1859இல் தொடங்கப்பட்டது, 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. காலை ஐந்து மணிமுதல் நள்ளிரவுவரை திறந்திருக்கிறது. உள்ளிருக்கும் ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டுமே கட்டணம். புல்வெளியில் படுத்துப் புத்தகம் படிப்பவர்களையும் அவர்களுக்கிடையே உலவும் கோழிகளையும் கண்டு மகிழலாம். ஆனால் ஒரு தமிழருக்கு அத்தோட்டம் வெறும் இளைப்பாறுமிடமாக இருக்க இயலாது. பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட ரப்பர், லண்டனின் கியூ தோட்டம் வழியாக 1877இல் நாற்றுகளாக இங்கே வந்து சேர்ந்தது. 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் மீண்டும் மீண்டும் பால் வடிக்கும் முறையை இத்தோட்டத்தில் ஆராய்ந்து கண்டறிந்தார். அதன் பின் மலாயா முழுவதும் ரப்பர்த் தோட்டங்கள் பரவின. பால் வெட்டும் கைகளுக்காகத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கங்காணிகள் ஆயிரமாயிரமாய் ஆள் திரட்டினர். அத்தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை என்று பலகை சொல்கிறது. கட்டணம் முன்பே செலுத்தப்பட்டுவிட்டது என்று எனக்குத் தோன்றியது. செலுத்தியவர்களில் பலர் அத்தோட்டத்தைக் கண்ணால் கண்டதே இல்லை.

விக்டோரியா தெருவிலுள்ள தேசிய நூலகத்தில் ஒரு பகல் முழுவதும் இருந்தேன். 2005இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தில் அடையாள அட்டை கேட்பாரில்லை, எதற்கு வந்தாய் என்று வினவுவாரில்லை. மேல்தளங்களிலுள்ள லீ கொங் சியான் ஆய்வு நூலகத்தில் தமிழ் நூல்கள் தனி வரிசையாக உள்ளன. 1887இல் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ வார இதழும், கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ நாளிதழின் பழைய பக்கங்களும் மின்னிலக்க வடிவில் கிடைக்கின்றன. என்னருகே ஒரு முதியவர் செய்தித்தாள் படித்துக்கொண்டே உறங்கிப்போனார். எவரும் எழுப்பவில்லை. ஒரு நூலகம் எத்தகையது என்பதை அறிய, அங்கே உறங்கும் முதியவரை என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் போதும் என்பேன்.

பட்டியல் வேண்டுவோர்க்கு இன்னும் சில. மரினா விரிகுடாவையொட்டிய தோட்டத்தின் வெளிப்பகுதியும் செயற்கைப் பெருமரங்களின் இரவு ஒளிக்காட்சியும் கட்டணமற்றவை. கண்ணாடிக் குடில்களுக்குள் போகத்தான் சீட்டு வேண்டும். எஸ்பிளனேட் கலையரங்கின் வெளிமேடையில் அடிக்கடி இசை கேட்கலாம். 2011இல் மலாயா ரயில்பாதை மூடப்பட்ட பின் அந்த இருபத்து நான்கு கிலோமீட்டர் நிலம் நடப்பவர்களுக்கான பசுமை வழியாக மாறியிருக்கிறது. கிராஞ்சிப் போர் நினைவிடத்தின் சுவர்களில், கல்லறையற்றுப் போன 24,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் உள்ளன; இந்தியப் பெயர்கள் ஏராளம். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பதால் ஒரு புட்டி கையில் இருந்தால் நீருக்குச் செலவில்லை.

இதுவரை சொன்னவை அந்நகரின் நல்ல முகம். இனி மறுமுகம்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியாவுக்குச் சென்றால், தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த கட்டுமானத் தொழிலாளர்கள் புல்வெளிகளிலும் நடைபாதை ஓரங்களிலும் வட்டமாக அமர்ந்திருப்பதைக் காணலாம். வாரத்தில் ஒரு நாள், செலவில்லாமல், நண்பர்களோடு தாய்மொழியில் பேச அவர்களுக்கு அந்தத் திறந்தவெளிதான் உண்டு. ‘காசின்றி நகரைச் சுற்றுவது’ என்பதில் உண்மையான வல்லுநர்கள் அவர்களே. எந்தக் காணொளியும் அவர்களிடம் பாடம் கேட்டதில்லை. 2013 டிசம்பர் 8 அன்று அங்கே பேருந்தில் அடிபட்டுத் தமிழ்த் தொழிலாளர் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. அதன் பின் வந்த 2015ஆம் ஆண்டுச் சட்டம், பொதுவிடத்தில் மது அருந்துவதை நாடு முழுவதும் இரவில் தடைசெய்ததோடு, அப்பகுதிக்குக் கூடுதல் கட்டுப்பாடுகளையும் விதித்தது. கொள்ளைநோய்க் காலத்தில் விடுதிகளில் வாழும் தொழிலாளர்கள் நீண்ட நாள்கள் அடைபட்டுக் கிடந்தனர். 2022 ஜூனில், ஞாயிறு மற்றும் பொது விடுமுறை நாள்களில் லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு இடங்களுக்குச் செல்ல அவர்கள் முன்கூட்டியே அனுமதிச்சீட்டுப் பெறவேண்டும் என்ற விதி வந்தது.

இதைச் சற்று நிறுத்தி எண்ணிப்பாருங்கள். அந்தத் தெருவில் நடக்க எவருக்கும் கட்டணமில்லை. சுற்றுலா நுழைவிசைவோடு நான்கு நாள் வந்துபோகும் என்னை எவரும் கேள்வி கேட்கவில்லை. அந்நகரின் கட்டடங்களையும் சுரங்க ரயில்பாதைகளையும் தம் கைகளால் எழுப்பியவர்களுக்கு அதே தெரு அனுமதிக்கு உரியதாயிற்று. விலையில்லை, ஆனால் பொதுவுமில்லை. ‘இலவசம்’ என்ற சொல்லால் இந்த வேறுபாட்டைச் சொல்ல இயலாது.

ஹொங் லிம் பூங்காவும் இத்தகையதே. மரங்களும் இருக்கைகளும் நிறைந்த அழகிய இடம். 2000ஆம் ஆண்டு முதல் அங்கே பேச்சாளர் சதுக்கம் இயங்குகிறது. குடிமக்கள் விதிகளுக்குட்பட்டுத் தம் கருத்தைப் பேசலாம். 2017இன் சட்டத் திருத்தத்துக்குப் பின் அங்கு நடக்கும் ஆர்ப்பாட்டங்களில் காவல்துறையின் அனுமதியின்றி அயல்நாட்டவர் கலந்துகொள்ள முடியாது. அமரலாம், காற்று வாங்கலாம்; கூட்டத்தில் நிற்கக்கூடாது. தேசிய அருங்காட்சியகங்கள் 2013 முதல் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணமற்றவை, பிறருக்குச் சீட்டு உண்டு. இதில் எனக்குக் குறையில்லை. குதுப் மினாரில் நாமும் இந்தியருக்கும் அயலாருக்கும் வேறு வேறு கட்டணமே வாங்குகிறோம். வரி செலுத்துவோர் முன்னுரிமை பெறுவது ஒரு நியாயம். தெருவில் நிற்பதற்கும் அனுமதி கேட்பது அந்த நியாயத்துக்குள் அடங்காது.

‘சிங்கப்பூர் பணக்கார நாடு, சிறிய நாடு, கண்டிப்பான நாடு, நமக்கு அது எப்படி முன்மாதிரியாகும்?’ என்று சிலர் கேட்கலாம். சரியான கேள்வி. 1966இன் நிலமெடுப்புச் சட்டம் அரசுக்குத் தந்த அதிகாரம் இன்றி அங்கே இவ்வளவு பொதுநிலம் உருவாகியிருக்காது. நிலமிழந்தோர் கதைகளும் உண்டு. மக்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் வீவக அடுக்ககங்களில் வாழ்கின்றனர். அக்கட்டடங்களின் தரைத்தளத்தை வீடுகளாக்காமல் திறந்தவெளியாக விட்டிருக்கிறார்கள். அங்கே மலாய்த் திருமணமும் சீன இறுதிச்சடங்கும் நடக்கின்றன, முதியோர் சதுரங்கம் ஆடுகின்றனர். பந்து விளையாடக் கூடாதென்ற பலகையும் அதே தூணில் தொங்குகிறது. தருவதும் தடுப்பதும் ஒரே கையால் நிகழும் நகரம் அது. நான் அதை முழுமையாகப் போற்றவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை. தரைத்தளத்தை விற்காமல் விடுவது என்ற முடிவைப் பாருங்கள் என்கிறேன். விற்றிருந்தால் வருவாய் வந்திருக்கும். விற்கவில்லை.

பணம் இல்லாததால்தான் நம்மிடம் இவை இல்லை என்பதும் முழு உண்மையன்று. தில்லியின் லோதி தோட்டத்தில் நூற்றாண்டுகள் பழைமையான கல்லறைகளுக்கிடையே ஞாயிறுதோறும் குடும்பங்கள் சோற்றுப் பொட்டலங்களோடு அமர்கின்றன; கட்டணம் கிடையாது. சென்னையில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும், 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும், மெரினா கடற்கரையும் நம்முடையவை. போட்டித் தேர்வுக்குப் படிக்க வீட்டில் இடமில்லாத பிள்ளைகள் அந்நூலகங்களின் மேசைகளில்தான் எதிர்காலத்தைத் தேடுகிறார்கள். எனவே நமக்கு இது தெரியாத கலையன்று. ஆனால் இன்று புதிதாகக் கட்டும்போது நாம் வேறு வழியில் செல்கிறோம். பூங்காவுக்கு நண்பகலில் பூட்டு, மேம்பாலத்துக்கு அடியில் கூர்முனைக் கற்கள், படுக்க முடியாதபடி நடுவே இரும்புக் கைப்பிடி வைத்த இருக்கை, நடைபாதை இருக்கவேண்டிய இடத்தில் வண்டி நிறுத்தம். களைத்த மனிதர் அமரவேண்டுமென்றால் ஏதேனும் வாங்கவேண்டும்.

பெண்களுக்கு இது இன்னும் கூர்மையானது. ‘ஊர்சுற்றி’ என்பது ஆணுக்குச் செல்லமான வசை. பெண்ணுக்கு ஒழுக்கத் தீர்ப்பு. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகிய மூவரும் மும்பையை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட நூல், நோக்கமின்றிப் பொதுவிடத்தில் நிற்கும் உரிமையைப் பெண்கள் கோரவேண்டும் என்று வாதிட்டது. நம் நகரங்களில் ஒரு பெண் தனியாக நிற்கவேண்டுமானால் காரணம் காட்டவேண்டும்: பேருந்துக்காக, தோழிக்காக, வேலைக்காக. காரணமில்லாதபோது கைப்பேசியைக் காதில் வைத்துக்கொள்கிறோம். சிங்கப்பூர் ஆற்றங்கரையில் இரவு பத்து மணிக்கு ஒன்றரை மணிநேரம் தனியே அமர்ந்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை என்பதே அந்த இரவின் செய்தி. அந்தப் பாதுகாப்பில் கண்காணிப்புக் கருவிகளுக்கும் பங்குண்டு என்பதை அறிவேன். இருந்தும், வெளிச்சமும் ஆளரவமும் நல்ல இருக்கையும் இருந்தாலே பாதி அச்சம் குறையும் என்பதைச் சொல்லத் தயங்கவேண்டியதில்லை.

ஆகவே ஒரு நகரைக் காசின்றிச் சுற்றுவோர் பார்த்த இடங்களை எண்ணுவதோடு சில வினாக்களையும் உடன் கொண்டுசெல்லலாம். எதையும் வாங்காமல் ஒரு மணிநேரம் இங்கே அமரலாமா? தாகமெடுத்தால் தண்ணீர் கிடைக்குமா? கழிப்பறைக்கு வழி கேட்டால் முகம் சுளிப்பார்களா? இருட்டிய பின் ஒரு பெண் தனியே இருக்கலாமா? இந்நகரைக் கட்டியவர்கள், பெருக்குபவர்கள், சமைத்துத் தருபவர்கள் தம் ஓய்வு நாளில் எங்கே அமர்கிறார்கள்? கடைசி வினாவின் விடைதான் அந்நகரில் ‘பொது’ என்ற சொல்லுக்கு எவ்வளவு பொருள் மிஞ்சியிருக்கிறது என்பதைச் சொல்லும்.

நகரின் செல்வத்தைக் காட்டச் சுற்றுலாத் துறைகள் இருக்கின்றன. நம்மைப் போன்றோர் எழுதவேண்டியது அதன் திண்ணைகளையும் அஞ்சடிகளையும் பற்றி. உங்கள் ஊரில் ஒரு காசும் இல்லாமல், ஒரு காரணமும் சொல்லாமல், எவரும் எழுப்பாமல் அமரக்கூடிய ஓரிடம் எது? யாருக்கு அங்கே இடமில்லை? பின்னூட்டத்தில் எழுதுங்கள்.